பேன்ட் ஒழுகுதா, உள்ளே வியர்க்குதா? மலை மழைக்கும் மார்கழிப் பனிக்கும் போடும் பேன்ட்டில் வரும் கோளாறுகள்

ஐப்பசி அடைமழையில் தொடங்கி தை முடியும்வரை ஜவ்வாது மலை, ஏலகிரி, அமிர்தி காடு என்று சுற்றுபவர்களிடம் ஒரே புகார்தான் திரும்பத் திரும்ப வருகிறது: "காசு போட்டு வாங்கிய பேன்ட், முதல் மழையிலேயே நனைஞ்சு போச்சு." பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் யானைக்காக இரவெல்லாம் நிலத்தில் காவல் இருப்பவர்களும், ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு இரவில் பைக்கில் ஏறுபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றில் பேன்ட் ஒழுகியிருப்பதே இல்லை. தண்ணீர் வேறு வழியில் வந்திருக்கும். வந்த வழி தெரியாமல் புதுப் பேன்ட் வாங்கினால், அதுவும் அதே இடத்தில் அப்படியே நனையும்.

ஆன்லைனில் 'ஹண்டிங் பேன்ட்' என்ற பெயரில் விற்பவற்றைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. நம் நாட்டில் வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் மழையில் நனையாமல், முள்ளில் கிழியாமல், சத்தமில்லாமல் நடக்கத் தைத்த பேன்ட் என்பதால் பறவை பார்ப்பவர்களும் மலையேறுபவர்களும் காவலுக்குப் போகிறவர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள். வாங்குவதில் தவறில்லை. ராணுவ உடையைப் போன்ற புள்ளிப் பச்சை மட்டும் வேண்டாம். சோதனைச் சாவடியில் தேவையில்லாத கேள்வி வரும். காக்கி, சாம்பல், பாசிப்பச்சை போதும்.

முதலில் செய்ய வேண்டிய மூன்று சோதனைகள்

எந்தக் கோளாறாக இருந்தாலும் இந்த மூன்றையும் முடித்துவிட்டு உங்களுக்குரிய தலைப்புக்குப் போங்கள். செலவு எதுவும் இல்லை.

துளிச் சோதனை: உலர்ந்த பேன்ட்டை மேசையில் விரித்து முன் தொடையில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு ஓடினால் மேல்துணியில் உள்ள நீர்விலக்குப் பூச்சு நன்றாக இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் துணி கருத்துப் படர்ந்தால் பூச்சு போய்விட்டது.

குடச் சோதனை: பேன்ட்டை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டுங்கள். இரண்டு காலையும் தொடைக்குக் கீழே கயிற்றால் இறுகக் கட்டி, இடுப்பு வழியாக மூன்று லிட்டர் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் பார்ப்பது நல்லது. எங்கே முத்து முத்தாகத் துளி எழும்புகிறதோ அங்கேதான் ஓட்டை. அந்த இடத்தில் துணி கிளிப் மாட்டி அடையாளம் வையுங்கள். ஊக்கு குத்திவிட்டால் அதுவே புதிய ஓட்டையாகிவிடும். புரட்டிப் போடுவது கட்டாயம். புரட்டாமல் ஊற்றினால் உள்ளே இருக்கும் தையல் டேப்பைத் தண்ணீரே அழுத்தி ஒட்டவைத்துவிடும். கிளம்பிய டேப் கண்ணில் படாது. அடுத்து கால்களையும் ஒவ்வொன்றாகக் கணுக்காலில் கட்டிப் பாருங்கள்.

வியர்வைச் சோதனை: மழையே இல்லாத நாளில், மலைக்குப் போகும்போது உள்ளே போடும் அதே உடையுடன் பேன்ட்டைப் போட்டு இருபது நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். கழற்றும்போது உள்பக்கம் ஈரமாக இருந்தால், மலையில் நீங்கள் பார்த்த ஈரமும் பெரும்பாலும் அதுதான்.

கோளாறு: உள்ளே முழுக்க ஈரம், ஓட்டை எங்கும் இல்லை

அதிகம் வரும் புகார் இது. அதிகக் காசு வீணாவதும் இதில்தான்.

குடச் சோதனையில் எதுவும் ஒழுகாமல், வியர்வைச் சோதனையில் நனைந்தால், பேன்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். போடும் முறையை மாற்றுங்கள். உள்ளே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு மேலே மழைப் பேன்ட் மாட்டுவதுதான் முதல் தவறு. ஜீன்ஸ் பருத்தி, வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடிந்தாலும் காயாது. அதற்குப் பதிலாக பாலியஸ்டர் அல்லது நைலானில் மெல்லிய டிராக் பேன்ட் போதும். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். நைலானுக்கு அது 4 சதவீதம், பாலியஸ்டருக்கு அரை சதவீதம்கூட இல்லை. காயும் வேகத்தில் தெரிவது இந்த வித்தியாசம்தான்.

அடுத்தது ஏற்றம். மழைப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டே ஏலகிரியின் சுவாமிமலை ஏறினால் எந்த விலைப் பேன்ட்டும் உள்ளே நனையும். ஏறும்போது டிராக் பேன்ட் மட்டும் போடுங்கள். தூறலில் நனைந்தாலும் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும். மழை வலுத்தால், உச்சியில் காற்று அடித்தால், ஓரிடத்தில் உட்கார்ந்தால் மழைப் பேன்ட்டை எடுத்து மேலே மாட்டுங்கள். இதற்காகத்தான் ஷூவைக் கழற்றாமலே மாட்டும்படி, கீழிருந்து முழங்கால் வரையாவது பக்கவாட்டு ஜிப் உள்ளதை எடுக்கச் சொல்வது. அந்த ஜிப்பைத் தொடைவரை திறக்க முடிந்தால் நடக்கும்போது காற்றும் போகும்.

லேபிளில் '10,000 கிராம்', '20,000 கிராம்' என்று ஆவி வெளியேறும் அளவு போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எவ்வளவு ஆவி வெளியேறும் என்ற கணக்கு அது. ஐப்பசி மழையில் வெளிக்காற்றே ஈரத்தால் நிரம்பியிருக்கும். உள்ளே இருக்கும் ஆவிக்குப் போக இடம் குறைவு. ஆகவே அந்த எண்ணை நம்பி இரட்டை விலை கொடுப்பதைவிட, நீளமான பக்க ஜிப் உள்ள நடுத்தரப் பேன்ட் நம் மலைகளுக்கு அதிகம் உதவும்.

இப்போது அடுத்த கிளை: குடச் சோதனையில் ஒழுகவில்லை, ஆனால் துளிச் சோதனையில் துணி கருத்துப் படர்ந்தது. இங்கே மேல்துணி தண்ணீர் குடித்துக் கனத்துத் தொடையில் ஒட்டுகிறது. ஆவி வெளியேற வழி அடைபட்டு உள்ளே வேர்க்கிறது, ஒழுகுவதாகத் தோன்றுகிறது. சரிசெய்யும் வரிசை இதுதான்:

முதலில் அலசல். பல சமயம் பூச்சு போயிருக்காது. சோப்புப் படிவும் மண்ணும் அதை மூடியிருக்கும். வேலூர்ப் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் கடினமும் கூடியது, சோப்பு லேசில் போகாது. ஜிப், ஒட்டுப்பட்டை எல்லாவற்றையும் மூடி, திரவச் சோப்பு வழக்கத்தில் பாதி அளவு போட்டு, குளிர்ந்த நீரில் கையால் அலசுங்கள். நல்ல தண்ணீரில் மூன்று முறை, நுரை வரவே வராத அளவுக்கு. துவைக்கிற கல்லில் அடிக்கக் கூடாது. பிரஷ் கூடாது. துணி மிருதுவாக்கி ஒரு சொட்டும் கூடாது, அது நீர்விலக்குப் பூச்சின் மேல் படிந்து தண்ணீரை இழுக்கும். மெஷினில் போட்டால் ஸ்பின்னை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் புகாத துணி வேகமாகச் சுற்றும்போது பைபோலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டிரம்மை உலுக்கும், மெஷினே உடையலாம்.

அடுத்தது சூடு. நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய வேட்டித் துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஒற்றைப் புள்ளிச் சூட்டில் (மிகக் குறைந்த சூடு) வைத்து, நீராவி இல்லாமல், இடத்துக்கு நாலைந்து நொடி ஒற்றி ஒற்றி எடுங்கள். படுத்துப்போன பூச்சு எழும்பும். லேபிளில் இஸ்திரிப் பெட்டிக்குக் குறுக்குக் கோடு போட்டிருந்தால் இதைச் செய்ய வேண்டாம். சாலையோரத்தில் விற்கும் பிவிசி ரெயின்கோட் பேன்ட்டை இஸ்திரி போடவே கூடாது, உருகிவிடும்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால்தான் காசு. மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளிலும் ஆன்லைனிலும் நீர்விலக்கு ஸ்பிரே கிடைக்கும். துவைத்த ஈரத்தோடு, வெளிப்பக்கத்தில் மட்டும், தொடை, முழங்கால், சீட் என்ற வரிசையில் அடித்து, இரண்டு நிமிடம் கழித்து வழிவதை ஈரத்துணியால் ஒற்றிவிட்டுக் காயவையுங்கள். மழைக்காலம் முழுக்க உழைக்கும் பேன்ட்டுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது இது தேவைப்படும்.

கோளாறு: உட்காரும் இடமும் முழங்காலும் மட்டும் நனைகிறது

லேபிளில் தண்ணீர் தாங்கும் உயரம் மி.மீ. கணக்கில் இருக்கும். 1,500 மி.மீ. என்றால் தூறலுக்கு, நின்றபடி இருக்கத்தான். 5,000 இருந்தால் நடந்துகொண்டே நல்ல மழையைச் சமாளிக்கலாம். ஈரப் பாறையில் உட்கார, மண்டியிட, பைக் சீட்டில் மணிக்கணக்கில் இருக்க 10,000-க்குக் குறையாமல் வேண்டும். உட்காரும்போது உடம்பின் எடை தண்ணீரைத் துணிக்குள் அழுத்துகிறது. தூறலுக்குத் தாங்கிய துணி அங்கே தோற்கிறது.

எண் குறைவு என்றால் பேன்ட்டை மாற்றுமுன் இதைச் செய்து பாருங்கள்: யூரியா சாக்கை உள்ளே பிளாஸ்டிக் தாளோடு நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, உட்காரும் இடத்தில் போடுங்கள். இரவுக் காவலுக்கு இதைவிட நல்ல ஆசனம் இல்லை. குளிரையும் தடுக்கும்.

பைக்கில் மட்டும் நனைகிறது என்றால் சீட்டைப் பாருங்கள். கிழிந்த சீட்டின் ஸ்பாஞ்ச் மழைநீரைக் குடித்து வைத்திருந்து, உட்கார்ந்ததும் கக்கும். சீட் சரியாக இருந்தால் மடியைப் பாருங்கள். ஓட்டும்போது தொடைகளுக்கு நடுவே தண்ணீர் குளம்போல் தேங்கி, முன் ஜிப் வழியாக இறங்கும். ஜாக்கெட்டைப் பேன்ட்டுக்குள் விடாமல் மேலே, மடி மறைய இழுத்துவிடுங்கள். முன் ஜிப்பே இல்லாமல் இடுப்பில் எலாஸ்டிக் மட்டும் உள்ள மாடல் பைக்குக்கு நல்லது.

எண் அதிகமாக இருந்தும் அந்த இடங்களில் நனைந்தால், துணியின் உள்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் உள்பூச்சு தேய்ந்துவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அங்கே துணி மெலிந்து தெரியும். இதற்கு மருந்தில்லை.

கோளாறு: கவட்டையிலும் தையல் ஓரத்திலும் ஒழுகுகிறது

பேன்ட்டை உள்பக்கம் புரட்டுங்கள். தையல் மேல் விரலகலத்துக்குப் பளபளப்பான டேப் ஓடுகிறதா?

டேப்பே இல்லை என்றால், அந்தப் பேன்ட் முதலிலிருந்தே தண்ணீர் புகாத பேன்ட் இல்லை. 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டவை பெரும்பாலும் இந்த வகை. துணி நன்றாக இருந்தால் சீம் சீலர் என்ற தையல் அடைப்புப் பசை வாங்கி நீங்களே பூசலாம். பாலியூரித்தேன் பூச்சுத் துணிக்கு பாலியூரித்தேன் பசை, சிலிகான் பூச்சுத் துணிக்கு சிலிகான் பசை. மாற்றிப் போட்டால் உரிந்து வந்துவிடும். ஒரு தையலில் டேப் இருந்தாலும் அது பாலியூரித்தேன் வகை என்று எடுத்துக்கொள்ளலாம், சிலிகான் மேல் டேப் ஒட்டாது. தையலைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, உள்பக்கம் மெல்லிய பிரஷால் ஊசித்துளை மூடும்படி ஒரு கோட்டு. ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, பவுடர் தூவி மடியுங்கள். தூவாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

டேப் இருந்து நுனி மட்டும் கிளம்பியிருந்தால், மேலே சொன்ன ஒற்றைப் புள்ளிச் சூடு, வேட்டித் துணி, ஐந்து நொடி அழுத்தம். இழுத்துத் தேய்க்காதீர்கள், டேப் நகர்ந்துவிடும். சூடு ஆறும்வரை கைவைக்கவும் கூடாது.

ஒரு முழத்துக்கு மேல் டேப் உரிந்திருந்தால் வீட்டு வேலையாக ஆகாது. சூடான காற்றடித்து டேப் ஒட்டும் மெஷின் வேண்டும். சாதாரணத் தையல் கடையில் அது கிடையாது. தண்ணீர் புகாத உடை தைக்கும் யூனிட்டுகளில்தான் இருக்கும். அங்கே கேட்டுப் பாருங்கள். கூலி பேன்ட் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம்.

கால் நீளத்தைக் குறைத்த பிறகோ, இடுப்பைப் பிடித்த பிறகோ ஒழுக ஆரம்பித்தால், காரணம் ஊசித்துளை. டெய்லர் மேல் கோபப்பட வேண்டாம், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பதினோராம் நம்பர் ஊசி போட்டு, பாலியஸ்டர் நூல்ல தைங்க. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்காதீங்க, ஒரே ஓட்டம்தான். கீழ்ப் பட்டியைத் தவிர வேற எங்கயும் ஊசி படக் கூடாது." இந்தத் துணியில் ஊசி போட்ட ஓட்டை மூடவே மூடாது. பழைய தையலைப் பிரித்த இடமும் ஒழுகும். தைத்து வாங்கிய அன்றே தையலுக்குச் சீலர் பூசுங்கள்.

கோளாறு: பேன்ட் நனையவில்லை, ஷூவுக்குள் தண்ணீர்

பேன்ட்டை ஷூவுக்குள் சொருகியிருக்கிறீர்களா? அப்படியானால் பேன்ட் மேல் வழியும் தண்ணீர் முழுதும் நேராக ஷூவுக்குள்தான் இறங்கும். வெளியே எடுத்து ஷூவை மூடும்படி விடுங்கள். நின்றால் பேன்ட்டின் கீழ் நுனி ஷூ கயிற்றின் முதல் முடிச்சைத் தொட வேண்டும். உட்கார்ந்தாலும் கணுக்கால் தெரியக் கூடாது.

மழையே இல்லாத மார்கழிக் காலையில் நனைகிறது என்றால் அது புல் பனி. முழங்கால் உயரப் புல்லிலோ சாமைக் கொல்லை வரப்பிலோ பத்து நிமிடம் நடந்தால் போதும், மழையைவிட அதிகமாக நனைக்கும். கீழிருந்து ஏறும் ஈரம் என்பதால் கெய்ட்டர் எனும் கீழ்க்கால் உறைதான் இதற்கு வழி. கெய்ட்டர் பேன்ட்டுக்கு உள்ளே, ஷூவுக்கு மேலே வர வேண்டும். பேன்ட்டுக்கு மேலே கட்டினால் மறுபடி அதே கதைதான். நனைந்த சாக்ஸ் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் திரிபோல ஈரத்தை உள்ளே இழுக்கும்.

கோளாறு: நனையவே இல்லை, ஆனாலும் தொடை விறைக்கிறது

நடப்பவருக்கு வராத கோளாறு இது. பரணில் உட்கார்ந்து காவல் இருப்பவர், வானம் பார்க்க நிற்பவர், பறவைக்காக அசையாமல் இருப்பவர் ஆகியோருக்கு வரும். உடம்பு சூடு தயாரிக்காத நேரம் அது.

இங்கேதான் பலர் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த ஹண்டிங் பேன்ட்டை வாங்குகிறார்கள். அது பனி உறையும் நாடுகளுக்காகத் தைத்தது. ஜமுனாமரத்தூர்க் குளிருக்கு அதை மாட்டிக்கொண்டு நடந்தால் அரை மணியில் நனைந்து, பிறகு உட்கார்ந்ததும் அந்த வியர்வையே குளிரும். ஒருமுறை நனைந்தால் பஞ்சு காய இரண்டு நாள் ஆகும், அதுவும் வெயில் இருந்தால். மெல்லிய இரண்டு அடுக்குதான் நம் மலைக்குப் பொருத்தம்: உள்ளே சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம் எடையில் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற பாலியஸ்டர் துணி, வெளியே பஞ்சில்லாத மழைப் பேன்ட். ஃபிளீஸைப் பையில் வைத்துக்கொண்டு நடந்து, போய்ச் சேர்ந்து வியர்வை அடங்கிய பின் மாட்டுங்கள். கம்பளி உள்ளாடை இருந்தால் இன்னும் நல்லது. ஈரத்திலும் ஓரளவு சூடு தரும்.

மழைப் பேன்ட் உள்ளே இருப்பதை நசுக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் எத்தனை அடுக்கு போட்டாலும் குளிரும். ஃபிளீஸோடு சேர்த்துப் போட்டுப் பார்த்து, தொடைத் துணியைக் கையால் கொத்தாகப் பிடிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

நெருப்பு காய்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நைலான், பாலியஸ்டர் இரண்டுமே எரிவதற்கு முன் உருகும். ஒரு பொறி விழுந்தால் பட்டாணி அளவுக்கு ஓட்டை. பெரிதாகப் பட்டால் உருகிய துணி தோலோடு ஒட்டிக்கொள்ளும். குளிர் காயும்போது தடித்த பருத்திப் போர்வையோ கம்பளியோ மடியில் போட்டுக்கொள்ளுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்கவே கூடாது. தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எப்போது பேன்ட்டை மறந்து ஆளைப் பார்க்க வேண்டும்? உடம்பு முழுக்க நனைந்து, காற்றும் அடித்தால் 15 டிகிரியிலேயே உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கடுமையாக நடுங்கியவர் நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால், பொத்தான் போடக் கை வராமல் தடுமாறினால், ஈர உடையைக் கழற்றி உலர்ந்த கம்பளியில் சுற்றி, 108-ஐ அழையுங்கள். சாராயம் கொடுத்தால் உடம்புச் சூடு இன்னும் வேகமாக இறங்கும்.

கோளாறு: உள்பக்கம் செதில் செதிலாக உரிகிறது, பிசுபிசுக்கிறது, புளித்த வாடை

உள்பூச்சு சிதைந்துவிட்டது. சூடும் ஈரமும் சேர்ந்து பாலியூரித்தேனை உடைக்கும். மழைக்காலம் முடிந்ததும் அரைகுறை ஈரத்தோடு சுருட்டிப் பரண்மேல் போட்டு, வேலூர் கத்திரி வெயிலை அங்கேயே கழிக்க விட்டால் நல்ல பேன்ட்டும் இப்படித்தான் ஆகும். எந்தப் பசையும் ஸ்பிரேயும் இதைத் திருப்பிக் கொண்டுவராது. யாராவது சரிசெய்து தருகிறேன் என்றாலும் காசு கொடுக்காதீர்கள்.

வாடை மட்டும் இருந்து உரிதல் இல்லை என்றால் அது பூஞ்சை. அலசி, இரண்டு நாள் நிழலில் காற்றாட விடுங்கள். வைக்கும்போது மடிப்பு இல்லாமல், தரைக்கு அருகே காற்றோட்டமான அறையில், ஹேங்கரில். பிளாஸ்டிக் கவர் வேண்டாம்.

கோளாறு: முள் கிழித்துவிட்டது

சூரை, காரை, உன்னிச்செடி, சீமைக்கருவேலம் எல்லாம் மெல்லிய மழைப் பேன்ட்டுக்கு எமன். ஊசிமுனை ஓட்டை என்றால் உள்பக்கம் ஒரு சொட்டு சீம் சீலர் போதும். ஒரு அங்குலம் வரை கிழிந்தால், ஸ்பிரிட்டால் துடைத்து, ஒட்டும் நைலான் பழுதுத் துண்டை மூலைகளை வட்டமாக வெட்டி ஒட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். கிழிசலைச் சுற்றி இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். ஒரு நாள் கழித்துத்தான் போட வேண்டும். முள்கம்பியில் மாட்டி 'எல்' வடிவில் கிழிந்தால் முதலில் கைத்தையல், அதன் மேல் உள்ளும் வெளியும் துண்டு.

உடனடிப் பசை போட வேண்டாம். கண்ணாடிபோல் இறுகி, நடக்கும்போது முறிந்து கிழிசலைப் பெரிதாக்கும். சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் ரப்பருக்கானது, இந்தத் துணியில் நிலைக்காது.

மாதாமாதம் கிழிகிறது என்றால் பழுதுபார்ப்பதை நிறுத்துங்கள். முழங்காலும் கீழ்க்காலும் இரட்டைத் துணி போட்ட பேன்ட் வேண்டும், அல்லது மழைப் பேன்ட் மேல் பழைய காக்கியை மாட்டிக்கொள்ள வேண்டும்.

கோளாறு: ஜிப் பிளக்கிறது, சிக்குகிறது

சிக்கினால் பழைய டூத் பிரஷால் மண்ணைத் தட்டி, மெழுகுவத்தி தேயுங்கள். மேலே ஏறிய பின்னும் பின்னால் பிளந்தால் ஸ்லைடர் தேய்ந்திருக்கிறது. குறடால் ஸ்லைடரின் இரு ஓரத்தையும் மெல்ல, மாறி மாறி அழுத்துங்கள். அதிகம் அழுத்தினால் முறியும். பலிக்காவிட்டால் ஸ்லைடர் முதுகில் 3 அல்லது 5 என்று எண் பொறித்திருக்கும். அதே எண், அதே வகை ஸ்லைடரைத் தையல் சாமான் கடையில் வாங்கி மாற்றலாம். பல் உடைந்தால் முழு ஜிப் மாற்ற வேண்டும். பக்க ஜிப் என்றால் ஊசித்துளை விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டு கொடுங்கள்.

கோளாறு: உள்தொடை உரசி எரிகிறது, பிறகு அரிக்கிறது

எரிச்சல் முதல் நாளே வந்தால் வெட்டுக் குறை. நான்கு தையலும் கவட்டையில் ஒரே புள்ளியில் கூடும் பேன்ட் ஈரத்தில் உரசும். அங்கே சதுரத் துண்டு வைத்துத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். அதுவரை தொடைவரை நீண்ட இறுக்கமான பாலியஸ்டர் உள்ளாடையும், கிளம்பும்முன் கொஞ்சம் வாசலினும் போதும்.

சில நாள் கழித்து வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் படர்தாமரை. ஈர உடையை உடனே மாற்றி, தொடை இடுக்கைத் துடைத்து உலர வைத்து, வீட்டில் தளர்ந்த பருத்தி அணியுங்கள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு இரண்டு மடங்காகப் பரவும். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் தோல் மருத்துவரைப் பாருங்கள், சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே.

கோளாறு: நடந்தால் சரசரவென்று சத்தம்

பறவை பறந்துவிடும். வழவழ நைலானின் இயல்பு இது, மாற்ற முடியாது. மேலே தளர்வான பழைய பருத்தி டிராயர் ஒன்றை மாட்டினால் தொடை உரசும் சத்தம் அடங்கும். புதிதாக வாங்கினால் மேல்துணி வெல்வெட் போல மெத்தென்று இருப்பதை எடுங்கள். ஹண்டிங் பேன்ட்டில் உண்மையிலேயே உருப்படியான விஷயம் இதுதான். ஆனால் அந்தத் துணி தண்ணீர் குடித்துக் கனக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கோளாறு: போய்வந்து ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல்

பேன்ட் கோளாறு என்று யாரும் இதை நினைப்பதில்லை. ஆனால் பேன்ட் போட்ட விதத்தோடு சேர்ந்தது. புதர் ஓரத்துப் புல்லில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் நம் பக்கத்தில் மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில்தான் அதிகம் வருகிறது. காட்டுக்குப் போகாமல் கொல்லை ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தவருக்கும் வரும்.

தடுக்கும் வழி எளிது. மழைப் பேன்ட்டை ஷூவுக்கு வெளியே விடச் சொன்னோம். உள்ளே போடும் டிராக் பேன்ட்டை மட்டும் சாக்ஸுக்குள் சொருகுங்கள். தண்ணீரும் இறங்காது, பூச்சியும் ஏறாது. புல்மேல் நேராக உட்காராதீர்கள், கழற்றிய துணியைப் புதர்மேல் போடாதீர்கள். வீடு வந்த அன்றே உடம்பைத் தேய்த்துக் குளித்து, உள்துணியை வெந்நீரில் துவையுங்கள்.

போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், "புதர்ப் பக்கம் போனேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். இடுப்புப் பட்டி இறுகும் இடம், தொடை இடுக்கு, அக்குள் இங்கெல்லாம் சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பார்த்துக் காட்டுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரும். சரியான மருந்து நேரத்தில் கிடைத்தால் வேகமாகக் குணமாகும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

உள்பூச்சு உரிந்தது, சீட் மெலிந்தது, டேப் முழுக்கக் கிளம்பியது. இந்த மூன்றுக்குத்தான் புதுப் பேன்ட். கடையில் லேபிளில் 10,000 மி.மீ., எல்லாத் தையலிலும் டேப், முழங்கால்வரை பக்க ஜிப், கவட்டையில் சதுரத் துண்டு, பஞ்சு இல்லாதது என்று பாருங்கள். பைக்குக்கு மட்டும்தான் என்றால் பிவிசி பேன்ட்டே போதும். ஒட்டி அடைத்த தையல், தண்ணீர் புகாது, நடக்கத்தான் லாயக்கில்லை.

போட்டுப் பார்க்கும்போது மலைக்குப் போடும் ஷூவையும் டிராக் பேன்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரு காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, அப்படியே குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிப் பாருங்கள். முழங்காலில் துணி பிடித்து இழுத்தாலோ, பின் இடுப்பு கீழே இறங்கினாலோ, விலையைக் கேட்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த சைஸைக் கேளுங்கள்.